பத்தரை மணி நேரம்

அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றி வைத்தால் மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை நமக்கும் நியூயார்க் பக்கத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து மார்ச் வரை பத்தரை. அவர்களுக்குக் கூட்டம் எப்போதும்போலக் காலை ஒன்பது மணிக்குத்தான். எனக்கு ஆறரைக்குத் தொடங்கியது ஏழரைக்குப் போய்விடும். ஒன்பதரைக்கு எழுந்துகொண்டிருந்தவள் பத்தரைக்கு எழுவேன். கேப் வந்து, வழியில் மூன்று பேரை இறக்கிவிட்டு, வீடு வந்து சேரப் பன்னிரண்டாகும்.

முதல் வருஷம் அத்தை கேட்டார். "நேத்து வரைக்கும் பதினோரு மணிக்கு வந்த, இன்னைக்கு என்ன புதுசா?"

"அங்க குளிர்காலம் வருது அத்தை, மணிய மாத்திட்டாங்க."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்க ஊரு மணிய மாத்துனா நம்ம வீட்டுச் சோறு ஏம்மா ஆறணும்?"

வேலைகள் நாடு விட்டு நாடு போவதைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அத்தையின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஒரு கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

2009 செப்டம்பரில் அந்த வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்று ஒரு ஊர், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர்போனது. அங்கிருந்த ஒரு கம்பெனி, ஓய்வூதிய பாலிசிகளைக் கணக்குப் பார்க்கும் பழைய நிரல்களைப் பராமரிக்கும் பொறுப்பைச் சோழிங்கநல்லூரில் இருந்த எங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. எல்லாம் மெயின்ஃப்ரேமில் ஓடுபவை, கோபால் மொழியில் எழுதியவை. (கோபால், கோபால் என்று நான் போனில் பேசுவதைக் கேட்டு அது யாரோ பையன் என்று அத்தை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.) நான் 1980இல் பிறந்தவள். அதில் சில நிரல்கள் என்னைவிட மூத்தவை.

ஒரு வேலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கப்பலில் ஏற்றி அனுப்புகிற காரியமில்லை. அதைச் செய்துகொண்டிருக்கிற மனிதர், செய்யப்போகிற மனிதருக்குச் சொல்லித்தர வேண்டும். எங்கள் பாஷையில் அதற்குக் கே.டி. என்று பெயர். முதல் சில வாரம் அவர் விளக்குவார், நாங்கள் கேட்போம். பிறகு அவர் செய்வார், நாங்கள் பார்ப்போம், இது ஷேடோ. பிறகு நாங்கள் செய்வோம், அவர் பார்ப்பார். இது ரிவர்ஸ் ஷேடோ. எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் வரி வரியாகப் போட்டிருக்கும். எங்கள் தாளில் 140 வரிகள். கற்றுக்கொண்டதற்குப் பச்சை, பாதியில் நிற்பதற்கு மஞ்சள், வராததற்குச் சிவப்பு. நிறம் போடும் பொறுப்பு என்னுடையது.

எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பெண். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவரிடம் நான் அனுமதி வாங்கவில்லை. வயது 58, அதே கம்பெனியில் 31 வருஷம். அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. குரலும் இருமலும் மட்டும்தான். ஒவ்வொரு நிரலையும் ஒரு கதையாகச் சொல்வார். "இதை எழுதியவருக்கு அப்போது விவாகரத்து நடந்துகொண்டிருந்தது, அதனால்தான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்றே தெரியாது." நாங்கள் சிரிப்போம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். தாளில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

முதல் அழைப்புக்கு முன்பே எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார்: அவருடைய வேலை பற்றி, இதற்கப்புறம் என்ன செய்யப்போகிறார் என்பது பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று மாதம் தினமும் மூன்று மணி நேரம் பேசியும், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. துக்க வீட்டுக்குப் போய் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வருவது மாதிரி.

97ஆவது வரியில் சிக்கல் வந்தது. ஓய்வூதியம் வாங்கியவர்களுக்கு வருஷ முடிவில் ஒரு வரிப் படிவம் அனுப்ப வேண்டும், 1099-ஆர் என்பார்கள். ஜனவரி 31க்குள் போயாக வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஓடும் வேலை. "அதை ஓடும்போதுதான் காட்ட முடியும்," என்றார் அவர். "ஜனவரி வரை என்னை வைத்துக்கொண்டால் காட்டுகிறேன்." இணைப்பில் இருந்த அவர்கள் பக்கத்து மேலாளர் எதுவும் சொல்லவில்லை. நான் மஞ்சள் போட்டேன். பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பாக என் மேசைப் போன் அடித்தது. அவர்தான், தனியாக.

"97 மஞ்சளாக இருக்கிறது."

"ஆமாம், அது ஜனவரியில்தானே..."

"நீங்கள் பொய் எழுதவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நவம்பர் முடிவதற்குள் எல்லாம் பச்சையானால்தான் எனக்குப் பிரிவுத் தொகை. நான் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள்."

என்னைவிட இரு மடங்கு வயதானவர், எனக்குச் சொல்லித்தருபவர், என்னிடம் ஒரு நிறத்தைக் கேட்டார். 31 வருஷத்துக் கணக்கு என் சுட்டெலியின் கீழே இருந்தது.

பச்சையாக்கினேன். இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று எழுதினால் முழு உண்மையாகாது. மஞ்சளாக விட்டால் கே.டி. ஜனவரிக்கு இழுக்கும், இன்னும் இரண்டு மாதம் நான் நடுராத்திரிதான் வீடு திரும்புவேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தூங்கும் குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை எனக்கும் வசதியாக இருந்தது. அவர் எதையோ வேண்டுமென்றே மறைத்தார், ஜனவரி வரை வேலையில் நீடிக்க அதுதான் அவரிடம் இருந்த ஒரே துருப்புச் சீட்டு என்று எங்கள் குழுவில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் அவரிடத்தில் இருந்தால் மறைத்திருப்பேன்.

அவருடைய கடைசி நாளன்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அவரது சொந்த முகவரியிலிருந்து. "ஜனவரியில் தேவைப்பட்டால்" என்று ஒரு வரி, கீழே வீட்டுத் தொலைபேசி எண்.

இந்த இடத்தில் இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இரவை நான் வெறுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் அம்மா விளக்கு வைத்த பிறகு தனியாகத் தெருவில் நடந்ததே கிடையாது. எனக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் நின்று டீ குடிக்கக் கிடைத்தது. தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000இல். அதே வருஷம் டிசம்பரில், தொழிற்சாலைகளில் இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றிருந்த 1948ஆம் வருஷச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எங்களைப் போன்ற அலுவலகங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் பெண்ணுக்கு இரவு ஆகாது என்ற பேச்சு தளர்ந்த காலத்தில் நான் வேலைக்கு வந்தேன், அதன் பலனை அனுபவித்தேன். வீட்டுக் கடன் என் பெயரில் எடுத்தது. பத்திரமும் என் பெயரில்தான். சும்மா கிடைத்ததில்லை.

இரவு கிடைத்ததே தவிர, இரவில் பாதுகாப்பு என்றால் எங்களைத்தான் எண்ணிப்பார்த்தார்கள். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் வேலை முடித்துத் திரும்பிய இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த வாரமே எங்கள் அலுவலகத்தில் பெண்கள் மட்டும் கையெழுத்துப் போட வேண்டிய புதுப் படிவம் ஒன்று வந்தது. எட்டு மணிக்குமேல் இருப்பது எங்கள் விருப்பத்தின் பேரில் என்று அதில் இருந்தது. சாலையில் விளக்கு வர அதற்கப்புறமும் நாளானது.

அந்த இரவில் கணக்கில் வராமல் விழித்திருந்தவர் அத்தை. மாமா இறந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தன் வீட்டையும், அக்கா தங்கைகளையும், வெள்ளிக்கிழமை கோயிலையும் விட்டுவிட்டு எங்களோடு வந்தவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாங்கள்தான் கூப்பிட்டோம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பட்டியலில் அத்தையை யாரும் சேர்ப்பதில்லை. மதியம் ஒரு மணியிலிருந்து நடுராத்திரிவரை குழந்தை அவர் கையில். கதவைத் திறந்துவிட்டு, ரசத்தைச் சுட வைத்துவிட்டுத்தான் படுப்பார். "நீங்க தூங்குங்க அத்தை, என்கிட்ட சாவி இருக்கு" என்றால், "சாவி கதவத்தான திறக்கும்" என்பார். என் கணவர் நல்லவர். அவருக்குக் காலையில் சீக்கிரம் போக வேண்டும், தூங்கிவிடுவார். இதில் அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது, அதுவே சொல்ல வேண்டிய விஷயம்தான்.

ஒருமுறை எனக்கு வரக் கூடாத ஒரு கோப்பு தவறுதலாக மின்னஞ்சலில் வந்தது. என் ஒரு மணி நேரத்துக்கு எங்கள் நிறுவனம் 22 டாலர் வாங்குவதாக அதில் இருந்தது. அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். என் மாதச் சம்பளம் 31,000. மணிக்கு வகுத்தால் 150 சொச்சம். இந்த வித்தியாசத்தை நினைத்து இரண்டு நாள் கொதித்தேன். மூன்றாம் நாள் காலை, கண்ணகி நகரிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் அக்கா சம்பளத்தை உயர்த்திக் கேட்டார். மாதம் 600 கொடுத்துக்கொண்டிருந்தேன். "அடுத்த மாசம் பாக்கலாம் அக்கா" என்று என் வாய் சொன்னது. நகரத்துக்குள் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து சாலையோரம் கொட்டி உண்டாக்கிய ஊர் கண்ணகி நகர். எங்கள் கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர்களில் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். அத்தைக்கோ 600கூடக் கிடையாது.

இதையெல்லாம் பொருளாதாரம் எப்படிப் பார்த்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 2004 பிப்ரவரியில் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மேன்கியூ, அவுட்சோர்சிங் என்பது வாணிபத்தின் இன்னொரு வடிவம்தான், நாளடைவில் நல்லது என்று சொல்லப்போய் அங்கே பெரிய ரகளையானது. 2006இல் ஆலன் பிளைண்டர் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் ஒரு கோடு போட்டார். படித்தவர் வேலை, படிக்காதவர் வேலை என்ற பிரிவு இனி முக்கியமில்லை. தரம் குறையாமல் கம்பி வழியாக அனுப்பக் கூடிய வேலை, நேரில் இருந்துதான் செய்ய முடிந்த வேலை என்பதே பிரிவு என்றார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. என் வேலை கம்பியில் வந்தது. குழந்தைக்குச் சோறூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, கதவைத் திறந்துவிட விழித்திருப்பது, இவை எந்தக் கம்பியிலும் போகாது. அந்த அளவில் பத்திரமான வேலைகள். ஹார்ட்ஃபோர்ட்டிலிருந்து யாரும் வந்து பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆனால் கம்பியில் வரும் வேலை மலிவாக இருப்பதற்கு, கம்பியில் போகாத இந்த வேலை சும்மா நடக்க வேண்டும். அந்தப் பத்தரை மணி நேரம் எங்கேயும் மறைந்துபோவதில்லை. யாராவது ஒருத்தி அதை விழுங்க வேண்டும்.

ஜனவரிக்கு வருகிறேன். 2010, இரண்டாவது வாரச் சனிக்கிழமை. வரிப் படிவ வேலையை அவர்களின் காலை பத்து மணிக்கு ஓடவிட்டோம். எனக்கு இரவு எட்டரை. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள மடிக்கணினியும் டேட்டா கார்டும் கொடுத்திருந்தார்கள். பாப்பாவுக்கு அன்று காய்ச்சல். அத்தை அவளை மடியில் போட்டுக்கொண்டு உள்ளறையில் இருந்தார். பத்தரைக்கு வேலை நின்றுபோனது. சாக் செவன் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், மெயின்ஃப்ரேமில் வேலை பார்த்த எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் பெயர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று கிடக்கிறது என்று அர்த்தம். லட்சக்கணக்கான பதிவுகளில் எது, ஏன், தெரியாது. பாலம் போட்டதுபோல எட்டுப் பேர் இணைப்பில் இருந்தார்கள். எல்லோரும் என்னைக் கேட்டார்கள். 97ஆவது வரி பச்சை அல்லவா?

பின்னிரவு இரண்டே காலுக்கு இணைப்பிலிருந்து விலகி, பால்கனிக்குப் போய், என் சொந்தப் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தேன். அங்கே சனிக்கிழமை மதியம் மூன்றே முக்கால். எடுத்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே, "சாக் செவனா?" என்றார்.

1980களில் அவர்கள் கம்பெனி ஒரு சின்னக் கம்பெனியை வாங்கியது. அதன் பாலிசிகளில் பிடித்த வரிக்கான இடம் வெற்றாகவே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசியில் ஒரு குட்டி நிரலை ஓடவிட்டு அந்த வெற்றிடங்களில் பூஜ்யத்தை நிரப்புவார். யாரும் செய்யச் சொன்னதில்லை, எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த நிரலுக்குத் தன் மகளின் பெயரை வைத்திருந்தார். அவர் வேலையை விட்டதும் அவருடைய கோப்புகளோடு அதையும் அழித்துவிட்டார்கள். மனதிலிருந்து வரி வரியாகச் சொன்னார், நான் அடித்தேன். 40 நிமிஷம்.

நடுவில் நிரல் ஓடிக்கொண்டிருந்தபோது, "அங்கே இப்போது மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "குழந்தை?" என்றார். காய்ச்சல், மாமியாரிடம் இருக்கிறாள் என்றேன். "என் மகளை என் அம்மாதான் பார்த்துக்கொண்டாள்," என்றார். "வருஷக் கடைசியில் நான் இரவெல்லாம் ஆபீசில் இருப்பேன்." வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்டிருக்கலாம், தடுக்க ஆளில்லை.

விடியற்காலை ஐந்துக்கு வேலை முடிந்தது. "குழு ஆராய்ந்து சரிசெய்தது" என்று அறிக்கை எழுதினேன். வேறு எப்படி எழுத முடியும்? வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இலவசமாகச் செய்துகொடுத்தார் என்றா? ரகசியத்தை வெளியாளிடம் சொன்னதற்காக என்னைத்தான் அனுப்பியிருப்பார்கள். அடுத்த மாதம் எனக்கு ஸ்பாட் அவார்டு கொடுத்தார்கள். 1,500 ரூபாய்க் கூப்பன், கைதட்டல். அதில் அத்தைக்கு ஒரு பெரிய ஹாட்பேக் வாங்கினேன், சோறு ஆறாமல் இருக்க. என்ன புத்தி அது!

அவருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இரண்டு வரியில் வந்தது. பிறகு நான் எழுதவில்லை. 2015இல் புளோரிடாவில் டிஸ்னி சுமார் 250 கணினிப் பணியாளர்களை அனுப்பியதும், அவர்களில் சிலர் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே சொல்லித்தர வேண்டியிருந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். படிக்கப் படிக்க, அந்தச் செய்தியில் என் குரல் எந்த இடத்தில் இருக்கும் என்று தேடினேன். அதில் நாங்கள் ஒரு கும்பல். எங்களுக்கு அத்தை கிடையாது, காய்ச்சல் கிடையாது. இந்தப் பக்கத்துச் செய்தித்தாள்களில் அவர்களும் அப்படித்தான்.

2019இல் எனக்கும் ஓர் எக்செல் தாள் வந்தது. வேலை மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குப் போகிறது என்றார்கள். காரணம் கூலி மட்டுமில்லை. அங்கே ஏறக்குறைய வாடிக்கையாளரின் நேரமே ஓடுகிறது, பகலில் பேசினால் பகலில் பதில் வரும் என்றார்கள். பத்து வருஷமாக நாங்கள் இல்லவே இல்லை என்று காட்டிக்கொண்டிருந்த பத்தரை மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் ஒரு ஸ்லைடில் பார்த்தேன். எனக்கு வேறு குழுவில் இடம் கிடைத்தது; எங்களில் நால்வருக்குக் கிடைக்கவில்லை, அதில் மூவர் பெண்கள். நான் சொல்லித்தந்தது ஒரு சின்னப் பெண்ணுக்கு. ஆவணத்தில் முதல் பக்கத்திலேயே அந்தப் பூஜ்ய நிரலைப் போட்டிருந்தேன், பழைய பெயரிலேயே. "இது யாருடைய பெயர்?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு எல்லா வரிக்கும் பச்சை.

என் புதுக் குழுவில் கூட்டங்கள் மாலை ஆறுக்குள் முடிந்துவிடுகின்றன. பாப்பாவுக்கு இப்போது சோறு ஊட்ட வேண்டியதில்லை, அவளே போட்டுக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். அத்தைக்கு 76 வயது. ராத்திரி பன்னிரண்டானால் இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் அறைக் கதவருகே வந்து, "வந்துட்டியாம்மா?" என்கிறார். மூன்று மணி நேரமாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து, "வந்துட்டேன் அத்தை" என்கிறேன்.